ஸ்பிதிக்குப் போகும் குக்கர்

என் மச்சான் ஓர் ஏமாற்றுக்காரன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அவன் என் மனைவியின் தம்பி. கள்ளக்குறிச்சியில் ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம் செய்கிறான். பனிமலைக்குப் போகும் வண்டியில் எனக்கு இருந்த இடத்தைத் திருடிக்கொண்டான்.

அதே ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். போன கோடையில் வியாபாரம் இல்லாத ஒரு மத்தியானம், போனில் ஸ்பிதி பள்ளத்தாக்கைப் பார்த்தேன். இமாச்சலத்தில், மரம்கூட முளைக்காத உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே ஆறே உறைந்து கிடக்கிறது. அதன் கரையில் ஒருவன் பூட்ஸ் காலோடு நடந்துபோனான். அவன் மிதித்த இடமெல்லாம் தடம் அச்சாக விழுந்தது. பூட்ஸ் அடியில் இருக்கும் வெட்டுகூட வரி வரியாகத் தெரிந்தது. இத்தனை வருடம் இந்த ஊருக்குச் செருப்பு விற்றிருக்கிறேன். நான் விற்ற ஒரு ஜோடியும் இந்தத் தார் ரோட்டில் ஒரு தடம் விட்டதில்லை. அந்தப் பனியில் என் கடை பூட்ஸைப் போட்டுக்கொண்டு நான் ஒரு தடம் வைக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். இதில் தத்துவம் எதுவும் கிடையாது.

வீட்டில் சொன்னேன்.

"செருப்புத் தடம் பாக்க அம்மாந்தூரம் போவணுமா? பக்கத்து வூட்ல சிமெண்ட் போட்டுகினு இருக்காங்க. போயி மிதிச்சிட்டு வாங்க" என்றாள் மனைவி.

நான் விடவில்லை. அங்கே வீட்டில் ஆள் தங்கவைக்கும் ஒருவரின் போன் நம்பரைத் தேடிப் பிடித்து, எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் பேசினேன். குழாயில் தண்ணீர் உறைந்துவிடும், குளிக்க முடியாது, ஒரே அறையில் அடுப்பைச் சுற்றிப் படுக்க வேண்டும் என்றார். குளிக்க வேண்டாம் என்றதுமே மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் மச்சான். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். மூன்றாவது ஆள், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் சாமை விதைக்கும் என் சிநேகிதர். சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் என் கடையில் செருப்பு பார்ப்பார், வாங்க மாட்டார். அப்படித்தான் பழக்கம்.

தை கடைசியில் பயணம் என்று முடிவாயிற்று. நால்வருக்கும் பூட்ஸ் நானே வரவழைத்தேன். ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அப்போதுதான் அந்த ஸ்பிதி வீட்டுக்காரர் போனில் ஒரு குண்டைப் போட்டார். பனி விழுந்துவிட்டால் கீழேயிருந்து மேலே ஏறுவது ஒரே ஒரு சின்ன வண்டிதான், அதில் டிரைவர் போக நான்கு பேர் உட்காரலாம், மூட்டையையும் உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

நான்கு பேர், நான்கு இடம். கணக்கு சரிதான். ஆனால் வாத்தியார், அந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் சோறு வேகாது என்று பெரிய குக்கர் ஒன்றை வாங்கிவிட்டார். மச்சான் அரை மூட்டைப் பொன்னி அரிசியும் ஒரு தூக்கு நிறைய புளிக்காய்ச்சலும் வராமல் தானும் வர மாட்டேன் என்றான். நான்காவது இடத்தில் குக்கர் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அப்ப ஒரு ஆள் ஜாஸ்தி" என்றார் வாத்தியார்.

"குக்கர் ஜாஸ்தின்னு சொல்லுங்க சார்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

குளிர் தாங்காதவன் இறங்கிக்கொள்வது என்று பேசி, மார்கழி பிறந்ததும் ஒத்திகைக்கு மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி இரண்டு வண்டியில் ஏறி, விடியற்காலையில் சிநேகிதர் வீட்டு முன்னால் நின்றோம். நானும் வாத்தியாரும் வெறும் சட்டையோடு நின்றோம். மச்சானை எங்கே என்று பார்த்தால், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தான். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"தம்பி, நீ குளுருக்கு ஒக்காந்துகினு இருக்கியா, இல்ல அடை காக்கறியா?" என்று சிநேகிதர் கேட்டார்.

"இதெல்லாம் ஒரு குளிராங்க? மைனஸ்ல டெஸ்ட் வெச்சாதான் டெஸ்ட்டு. நம்ம குடோன்ல வெச்சிக்கலாம்" என்றான் மச்சான், ஜமக்காளத்துக்குள் இருந்தபடியே.

குடோன் என்பது அவன் ஐஸ்கிரீம் வைக்கும் குளிர் அறை. மைனஸ் பதினெட்டு. கதவை உள்ளேயிருந்தும் திறக்கலாம். எல்லாரும் தலையாட்டினோம். யாருடைய இடத்தில் யாருடைய பரீட்சை என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

விதி இதுதான்: புது பூட்ஸ் தவிர, பயணத்துக்கு எடுத்துவைத்த உடையோடு ஒரு நாளைக்கு ஒருவராக உள்ளே போக வேண்டும். வாத்தியார் விசிலோடு வெளியே நிற்பார். யார் குறைவான நேரம் இருக்கிறாரோ அவருக்கு வண்டியில் இடமில்லை. வாத்தியார் உள்ளே போகும்போது விசில் என்னிடம் இருந்தது. அவர் உள்ளே குதித்துக்கொண்டே இருந்தார், தரை அதிர்ந்தது. சிநேகிதர் மெதுவாக வெளியே வந்தார். "எங்க மலைல ஜில்லுனு காத்தாவது வரும். இங்க கோன் ஐஸ் பொட்டி மேல ஒக்காந்துகினு செவுத்தப் பாக்கறதுதான் வேல" என்றார்.

என் முறை வந்தபோது மச்சான் சுக்குக் காப்பியோடு நின்றான்.

"குடிங்க மச்சான். உள்ள கதகதன்னு இருக்கும்." நானும் அவனும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். இன்னொரு டம்ளரும் ஊற்றினான். நானும் பாசம் என்று நினைத்துக் குடித்தேன்.

நான் சீக்கிரம் வெளியே வந்தது குளிரால் அல்ல. அந்தக் காப்பியால். குளிரில் அது எங்கே போய் முட்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கதவைத் திறந்துகொண்டு நான் பின்பக்கம் ஓடும்போதே வாத்தியார் விசில் ஊதிவிட்டார்.

மிச்சம் மச்சான் மட்டும்தான். அவன் முறை வந்த அன்று நான் ஒரு கல்யாண விருந்துக்குச் சின்னசேலம் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தால், பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் டீக்கடையில் கூட்டம். மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வாத்தியார் பூரித்துப்போய் நின்றார்.

"பனியனோட போனாருங்க! வெறும் பனியன். வெளிய வரும்போது வேர்த்து ஊத்துது. இன்னான்னு கேட்டா, உள்ள தண்டால் எடுத்தேன் சார்ங்கறாரு. இதான் ஒடம்பு!"

யாராவது தண்டால் எடுத்தேன் என்றால் போதும், வாத்தியாருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

மச்சான் எழுந்து, டீக்கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "எங்க மச்சானுக்குக் குளிரு ஒத்துக்கல. பரவால்ல. ரயில்ல வரட்டும். நாங்க மேல போயிட்டு வர்ற வரைக்கும் கீழ லாட்ஜ்ல டீ குடிச்சிகினு இருக்கட்டும்." எல்லாரும் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவரும் சிரித்தார். என் பூட்ஸ் மூன்று ஜோடி மேலே போகும், குக்கர் போகும், நான் போக மாட்டேன்.

மறுநாள் ஆறுதலாம், வீட்டுக்கு ஒரு ஃபேமிலி பேக் அனுப்பினான். பாதாம் பிஸ்தா. மூடியைத் திறந்தேன். ஐஸ்கிரீம் பாதி டப்பாவுக்குத்தான் இருந்தது. மேல்பரப்பு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, ஏரிக்கரை மாதிரி சரிந்திருந்தது. கரண்டியை வைத்தால் நறநறவென்று ஐஸ். பிஸ்தா, பாதாம் எல்லாம் அடியில் போய் ஒட்டிக் கிடந்தன. ஒருமுறை உருகி, சாய்ந்த வாக்கில் மறுபடி உறைந்தால்தான் அப்படி ஆகும்.

"நேத்து இங்க கரண்ட் இருந்திச்சா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஏது? காலைல போனது சாயங்காலம்தான் வந்திச்சு. சட்னிகூட அரைக்கல."

கரண்ட் போனால் மச்சான் டீசல் ஜெனரேட்டர் போடுவான். அது போடும் சத்தத்தில் என் கடையில் பேரம் பேச முடியாது. நேராக வாத்தியாரிடம் போனேன். அன்றைக்கு ஜெனரேட்டர் ஓடியதா என்று கேட்டேன்.

"இல்லீங்களே. அமைதியா இருந்திச்சு. லைட்டு, ஃபேன்லாம் ஓடிச்சு. இன்வெர்ட்டர்னு சொன்னாரு."

"கதவு பக்கத்துல குளிர் காட்டற மீட்டரைப் பாத்தீங்களா சார்?"

"அதுமேல அவரு சட்டைய மாட்டியிருந்தாருங்க."

இன்வெர்ட்டரில் லைட் எரியும், ஃபேன் சுற்றும். குளிர் அறை மோட்டார் ஓடாது. இது ஐஸ்கிரீம் விற்கிறவனுக்குத் தெரியாதா? மலையில் ஜமக்காளத்துக்குள் அடை காத்தவன், மைனஸ் பதினெட்டில் பனியனோடு வேர்த்தானாம். ஜெனரேட்டரைப் போடாமல், காலையிலிருந்தே கதவைத் திறந்துபோட்டு, சரக்கை உருகவிட்டு, என்னை ஜெயித்திருக்கிறான். அந்தச் சரக்கை எனக்கே ஆறுதல் பரிசாகவும் அனுப்பியிருக்கிறான்.

டப்பாவோடு போய்க் கேட்டேன். "பாதாம் பிஸ்தான்னா அப்படித்தாங்க மச்சான் இருக்கும்" என்றான். வாத்தியார், விசில் ஊதினால் ஊதினதுதான், முடிவை மாற்ற முடியாது என்கிறார். சிநேகிதர் மட்டும் ஒரு கரண்டி வாயில் போட்டு, "பாய், இது ஐஸ்கிரீமு இல்ல, சாட்சி" என்றார். மனைவி, தன் தம்பியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு, தானும் ஒரு கரண்டி தின்று, "சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்" என்று சிரிக்கிறாள்.

நான் சிரிக்கவில்லை. தை பிறக்கப்போகிறது. என் பூட்ஸ் இன்னும் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

மச்சான், வீட்டுக்கு வந்து பிரியாணி தின்றுகொண்டே சமாதானம் பேசாதே. எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ எந்த டீக்கடையில், எந்தப் பெஞ்சு முன்னால் சொன்னாயோ, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கேயே வா. அன்று சிரித்த அத்தனை பேரும் இருப்பார்கள். உன் பழைய சரக்கில் ஒரு டப்பாவை நான் அவர்கள் முன்னால் திறக்கிறேன். சரிந்திருக்கிறதா இல்லையா என்று அவர்களே பார்க்கட்டும். பிறகு எழுந்து நின்று, டீ ஆற்றுகிறவருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்: நீ பனியனோடு உள்ளே இருந்தபோது மோட்டார் ஓடியதா, இல்லையா?