மலைக்கு முதுகு காட்டாத படம்

ஓய்வு பெற்ற மூன்று பேர் ஒரே சமயத்தில் கேமராவைக் கையில் எடுத்தால் ஓர் ஊர் என்ன பாடுபடும் என்பதைத் திருவண்ணாமலை அண்மைக்காலம் வரை அனுபவித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரிவலப் பாதையில் மூன்று கிழவர்கள் ஓர் எருமையைச் சூழ்ந்து நின்று அதன் சம்மதத்துக்காகக் காத்திருந்ததைப் பார்த்திருந்தால், அது நாங்கள்தான்.

மூவரில் ஒருவர் வங்கி மேலாளராக இருந்தவர். மகள் வாங்கிக் கொடுத்த கேமராவும், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் வைத்திருக்கிறார். அந்த லென்ஸில் பக்கத்தில் இருப்பது எதுவும் விழாது. ஒரு டீக்கடையைப் படம் எடுக்க அடுத்த டீக்கடைக்குப் போக வேண்டும். இன்னொருவர் தலைமை ஆசிரியராக இருந்தவர். மகன் கழித்துப் போட்ட சிறிய கேமரா அவருடையது. படம் எடுக்கும் முன் "அட்டென்ஷன்" என்று சொல்வார். மனிதர்கள் விறைத்துவிடுவார்கள். எருமை மட்டும் கேட்காது.

மூன்றாவது ஆள் நான். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன். விதிகளைப் படிக்காமல் ஒரு பொருளைத் தொடுவது கை கழுவாமல் சாப்பிட உட்காருவது போல எனக்கு. ஆகவே கேமராவைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே அதன் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்தேன். மற்ற இருவரும் கேமரா கைக்கு வந்ததுமே படம் எடுக்கக் கிளம்பி, எல்லாம் ஏன் வெள்ளையாக வருகிறது என்று இன்றுவரை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் சொல்வேன். அவர்கள் கேட்க மாட்டார்கள். அதுவும் எனக்குப் பழகிய நடைமுறைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வழக்கமில்லாத ஒன்று வாய்த்தது. ஒரு வேலை.

தலைமை ஆசிரியரின் மனைவி அவருடைய பள்ளியிலேயே ஆசிரியையாக இருந்தவர். எங்களுக்கெல்லாம் டீச்சர். பள்ளியில் கணவர் தலைமை, வீட்டில் துணை. சென்னையில் மகன் அடுக்குமாடி வீடு வாங்கி இருவரையும் அழைத்துவிட்டான். வியாழக்கிழமை லாரி வருகிறது. டீச்சருக்குப் போக மனமில்லை. ஒருமுறை அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னார்:

"எட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு லுங்கி காயுது. காலைல எழுந்து அதையா கும்பிடறது?"

அவர் பிறந்ததும் இந்த ஊர், வாழ்க்கைப்பட்டதும் இந்த ஊர். கண் விழித்ததும் மலையைப் பார்த்துத்தான் பழக்கம். போவதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவரும் மலையும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு நல்ல படம் வேண்டும். மலையின் உச்சி வெட்டுப்படக் கூடாது. அவருடைய முகம் முழுசாகத் தெரிய வேண்டும். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளத் தோன்றவே இல்லையாம். இருக்கிற வரைக்கும் மலை எங்கே போய்விடப் போகிறது என்ற அலட்சியம்தான்.

"மூணு பேரும் கேமராவை மாட்டிக்கினு வாரா வாரம் சுத்தறீங்களே, இதுக்காவது உதவுங்க" என்றார்.

தலைமை ஆசிரியர் அன்று காலை எங்கள் இருவரையும் தனியாக அழைத்து, "சார், இது சரியா வரலைன்னா நான் அந்த எட்டாவது மாடியில இவகூடத் தனியா இருக்கணும். புரியுதா?" என்றார். புரிந்தது.

மலைக்கு மேற்கே உள்ள அடி அண்ணாமலையில் தொடங்கலாம் என்றார் மேலாளர். காலை நேரத்தில் அங்கிருந்து பார்த்தால் சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும், மலை கரிக்கட்டையாகத்தான் விழும் என்றேன். "பார்த்துக்கலாம் சார்" என்றார்கள். போனோம். கரிக்கட்டையாகத்தான் இருந்தது.

ஆனால் அது பெரிய சிக்கல் இல்லை. பெரிய சிக்கல் டீச்சர் நின்ற விதம். மேலாளர் தன் லென்ஸுக்குத் தோதான இடம் தேடி வயல் வரப்போடு வெகுதூரம் போய்விட்டு, அங்கிருந்து தலைமை ஆசிரியருக்கு செல்போனில் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது.

"சார், டீச்சரை இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க. கொண்டைதான் தெரியுது."

"ஏம்மா, திரும்பி நில்லு."

"எந்தப் பக்கம்?"

"கேமராப் பக்கம்."

"அப்ப மலைக்கு முதுகு காட்டணுமே?"

"ஆமா."

"அது எப்படிங்க காட்டுவேன்?" என்றார் டீச்சர்.

நாங்கள் மூவரும் இதை யோசிக்கவே இல்லை. இந்த ஊரில் மலைதான் சாமி. சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் நாலடியாவது பின்பக்கமாகவே நடந்து வந்துதான் திரும்புவார்கள். அப்படியிருக்க, சாமிக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் சாமியோடு படம் எடுத்துக்கொள்ள முடியும் என்பது படக்கலையின் அடிப்படைக் கோளாறு. என் கையேட்டில் இதற்கு வழி சொல்லப்படவில்லை.

மேலாளர் வரப்பிலிருந்து மூச்சு வாங்க வந்து வாதாடினார். "டீச்சர், நீங்க வேலூருக்கு பஸ்ல போறப்ப மலை பின்னாடிதானே இருக்கு? அப்ப முதுகு காட்டலியா?"

"அது பிரயாணம். வேற வழியில்ல, அவருக்கே தெரியும். இது வேணும்னே திரும்பி நின்னு பல்லைக் காட்டறது."

நோக்கத்தை வைத்துக் குற்றத்தை அளப்பது சட்டப்படி சரியான வாதம். நான் டீச்சர் கட்சிக்கு மாறிவிட்டேன்.

அடுத்து, பக்கவாட்டில் நிற்கலாம் என்று ஒரு சமரசம். கிரிவலம் வரும்போது மலை வலப்பக்கம்தானே இருக்கிறது, அதில் தோஷமில்லை என்று டீச்சரும் ஒத்துக்கொண்டார். தலைமை ஆசிரியர் "அட்டென்ஷன்" சொல்லி எடுத்தார். டீச்சர் கேமராவை வாங்கிப் பார்த்தார்.

"இன்னாங்க இது? காசுல அச்சடிச்ச தலை மாதிரி இருக்கு."

"மூக்குத்தி நல்லா வந்திருக்கும்மா."

"மூக்குத்தியை மட்டும் மாட்டி வெக்கறதுக்கு அங்க எதுக்குப் படம்? எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு. ரெண்டும் வேணும்."

மலையைத் தனியாக, டீச்சரைத் தனியாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடலாம் என்றார் மேலாளர். டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில், காப்பியடித்து மாட்டிக்கொண்ட எத்தனையோ பிள்ளைகளின் நிலை எனக்குப் புரிந்தது. "நிக்காத இடத்துல நின்னேன்னு காட்டறதா? அந்த ஒட்டு வேலையெல்லாம் என்கிட்ட வேணாம் மேனேஜர் சார்."

வெயில் ஏறியது. ஆட்டோவில் செங்கம் சாலைப் பக்கம் வந்தோம். ரமணாசிரமம் பகுதியில் வெள்ளைக்காரர்களுக்காக நடக்கும் காபிக் கடைகள் நிறைய. அப்படி ஒன்றின் வாசலில், இன்னும் திறந்தும் திறக்காமலும் இருந்த நேரத்தில், படிக்கட்டில் உட்கார்ந்தோம். டீச்சர் மட்டும் உட்காரவில்லை. கடைக்கு முன்னால் நின்று, சாலைக்கு அந்தப்பக்கம் எழும்பி நின்ற மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் பட்டு மலை பாறை பாறையாகத் தெரிந்தது. தலைமை ஆசிரியரின் முகத்தில் வியாழக்கிழமை தெரிந்தது.

கடைசியில் அவர் எழுந்து சாலையோரம் போனார். "மலை இல்லாட்டிப் போவுது. முகத்தையாவது ஒண்ணு எடுத்து வெக்கிறேன்" என்று டீச்சருக்கு எதிரே, மலைக்கு முதுகு காட்டி நின்றார்.

"நீங்க மட்டும் காட்டலாமா?" என்று கேட்டேன்.

பதில் டீச்சரிடமிருந்து வந்தது. "இவர் கோயிலுக்கே வர்றதில்ல. சாமிக்கு இவர் முதுகுதான் அடையாளம்."

தலைமை ஆசிரியர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். இறக்கினார். மறுபடி கொண்டுபோனார்.

"மலை வருது" என்றார்.

"சார், மலை உங்களுக்குப் பின்னாடி இருக்கு" என்றார் மேலாளர், நோயாளியிடம் பேசுவது போல.

"தெரியும் சார். ஆனா வருது."

போய்ப் பார்த்தோம். கடையின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருட்டு. எதிரே இருந்த மலை, உச்சியும் சரிவும் பாறையுமாக, அந்தக் கண்ணாடியில் அப்படியே நின்றது. அதற்கு முன்னால் மலையைப் பார்த்தபடி டீச்சர், இரண்டு கண்களோடு.

டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, படத்தில் மலை அவருக்குப் பின்னால்தான் விழும், அதில் ஆட்சேபம் உண்டா என்று முறைப்படி கேட்டேன். பிற்பாடு தகராறு வரக் கூடாது.

கண்ணாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் அவரைப் பார்த்துத்தான் நிக்கிறேன். அவரா வந்து பின்னாடி நிக்கிறார்னா அது அவர் இஷ்டம்."

தலைமை ஆசிரியர் எடுத்த படத்தில் டீச்சர் தெளிவு, மலை பஞ்சுப் பொதி. இங்கேதான் கையேட்டுக்கு வேளை வந்தது. கண்ணாடி பக்கத்தில் இருந்தாலும் அதில் தெரியும் மலை தூரத்துப் பொருள்தான். இரண்டும் தெளிவாக விழ லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் வெளிச்சம் கம்மியாகும், அதனால் கேமரா ஆடாமல் முக்காலியில் நிற்க வேண்டும், கைகூடப் படாமல் டைமரில் எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். முதன்முறையாக இருவரும் கடைசிவரை கேட்டார்கள். என் கேமராவை முக்காலியில் பூட்டி எல்லாம் சரிசெய்து நிமிர்ந்தேன். மலையைக் காணோம்.

கடைக்குள் விளக்குப் போட்டுவிட்டார்கள். மலை இருந்த இடத்தில் கேக் அலமாரி இருந்தது.

உள்ளே போனேன். கல்லாவில் முப்பது வயதுப் பெண். மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அஞ்சு நிமிஷம் லைட்டை அணைக்க முடியுமா?"

"எதுக்கு சார்? இப்பதான் போட்டேன்."

"வெளியே ஒரு படம் எடுக்கிறோம். லைட் எரிஞ்சா கண்ணாடியில மலை தெரிய மாட்டேங்குது."

"மலை வேணும்னா திரும்பி மலையையே எடுங்களேன்."

நியாயமான யோசனை. டீச்சரின் கொள்கையைச் சொன்னேன். அவள் வெளியே எட்டி டீச்சரைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "எங்க அத்தையும் இப்படித்தான் சார். பஸ் ஸ்டாப்ல மலையைப் பார்த்தே நிப்பாங்க. பின்னாடி பஸ் வந்துட்டுப் போயிடும்." விளக்கை அணைத்தாள். வெள்ளைக்காரத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பழத்தை வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்கள். இந்தப் பகுதியில் எது நடந்தாலும் தியானம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

மலை திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதன் சரிவில் நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தோம். மேலாளரின் வயிறு மட்டுமே அடிவாரத்தில் கால்வாசியை மறைத்தது.

"குனியுங்க" என்றேன். முக்காலியைச் சற்றுச் சாய்வாக நகர்த்தி வைத்து, டைமரை அழுத்திவிட்டு நானும் குத்தவைத்தேன். தலைமை ஆசிரியர் ஏற்கெனவே தரையோடு தரையாக இருந்தார். மேலாளருக்கு மூட்டுவலி. செருப்பைக் கழற்றினார், தொடையைப் பிடித்தார், "அண்ணாமலையாரே" என்றார், பாதி வரை இறங்கினார். மீதி தூரத்தை மொத்தமாகக் கடந்துவிட்டார். அவர் மல்லாந்த அதே நொடியில் கேமரா 'க்ளிக்' என்றது.

அவரைத் தூக்கி உட்கார வைத்து, அடி ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு இன்னொரு படமும் எடுத்தேன். அது குற்றமற்ற படம். மலை கூர்மை, டீச்சர் கூர்மை, வேறு ஒருவரும் இல்லை. தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நிற்பவர் போல டீச்சர் அதில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையேட்டில் அச்சடிக்கத் தகுந்தது.

முதல் படத்தில் டீச்சர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்களும் திறந்திருந்தன. பின்னால் அண்ணாமலை உச்சி குறையாமல் நின்றது. அடிவாரத்தில், வானத்தைப் பார்த்து, மேலாளரின் இரண்டு உள்ளங்கால்கள்.

டீச்சர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதுதான்" என்று முதல் படத்தைக் காட்டினார்.

"டீச்சர், என் காலு..." என்றார் மேலாளர்.

"அடிவாரத்துல எவ்வளவோ பேர் விழுந்து கும்பிடறாங்க. நீங்க கொஞ்சம் மாத்தி விழுந்துட்டீங்க. அவர் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

வியாழக்கிழமை லாரி வந்தது. டீச்சர் சட்டம் போட்ட படத்தை லாரியில் ஏற்றவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு காரில் போனார்.

போன வாரம் தலைமை ஆசிரியர் சென்னையிலிருந்து பேசினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். படம் கூடத்துச் சுவரில் மாட்டியாகிவிட்டதாம். அதனால் அந்தச் சுவருக்கு யாரும் முதுகு காட்டி உட்காரக் கூடாதாம். டிவி எதிர்ச்சுவரில் இருந்தது. அதைக் கழற்றி மலைக்குக் கீழே மாட்ட ஆள் வந்துபோனானாம். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் நாற்காலியே இல்லையாம். மகன் அலுவலகக் கூட்டத்தைக் கூடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் நடத்துகிறவன். பின்னால் மலை தெரிந்தால் கௌரவமாக இருக்கும் என்று ஆசைப்பட்டவன், இப்போது படுக்கையறைக்குப் போய்விட்டானாம்.

"டீச்சர் எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அவளுக்கு என்ன சார்? ஜாஸ்தி சந்தோஷம். காலைல எழுந்ததும் நேரா அங்க போய்த்தான் நிக்கிறா." கொஞ்சம் தயங்கினார். "மேனேஜர் சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தினமும் அவர் காலுக்குப் பக்கத்துலதான் பூ வெக்கிறா."

சொல்லிவிட்டேன். மேலாளர் அன்றிலிருந்து காலில் வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறார்.