சாலை இல்லாத தலைநகரம்

ஜூனோவுக்குச் சாலை கிடையாது. கப்பலில் வா, இல்லாவிட்டால் விமானத்தில் வா. அலாஸ்காவின் தலைநகரம் என்று பேர்தான். சட்டமன்றத்துக்கு ஒரு குவிமாடம்கூட இல்லை. இருந்துவிட்டுப் போகட்டுமே! இந்த ஊரை யாராவது குறை சொன்னால் பெர்லிட்டாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவள் அப்பா பிலிப்பைன்ஸிலிருந்து மீன் ஆலை வேலைக்கு வந்தவர். அவள் பிறந்ததும், கட்டிக்கொண்டதும், புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்ததும் இங்கேதான். சட்டமன்றத்துக்கு எதிரே லும்பியா என்கிற பிலிப்பைன்ஸ் சுருள் பலகாரம் பொரித்து விற்கிறாள். கோடையில் வரும் சுற்றுலாக் கப்பல்காரர்கள் மேடேறி அவள் கடைக்கு வருவதில்லை. சட்டமன்றம் கூடும் குளிர்மாதங்கள்தான் அவளுக்குப் பிழைப்பு.

அந்தப் பிழைப்பில்தான் மண்ணள்ளிப் போட வந்தான் கார்வின் ஸ்டோல்ட், வடக்குப் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினன். சட்டமன்றத்தைச் சாலை வசதியுள்ள பெரிய நகரமான ஆங்கரேஜுக்கு மாற்ற மசோதா கொண்டுவந்தான். ஜூனோவில் மழைக்கு ரப்பர் பூட்ஸும் தொப்பியும் போதும். குடை பிடித்தால் வெளியூர்க்காரன். இவன் கடைக்குள்ளேயே குடையோடு வந்தான்.

"அடுத்த வருஷம் கடையை அங்க கொண்டு வந்துடுங்கக்கா."

"முதல்ல அந்தக் குடையை வெளிய வை. தரையெல்லாம் சொட்டுது."

மசோதாவைக் குழு விசாரித்த அன்று மூடுபனி இறங்கியது. வார விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த ஸ்டோல்ட்டின் விமானம் இங்கே இறங்க முடியாமல் பக்கத்துத் தீவு ஊரான சிட்காவுக்குப் போய்விட்டது. ஆள் தொலைபேசியில்தான் பேசினான்.

"பாத்தீங்களா? என்னாலயே வர முடியல. ஜனங்க எப்படி வருவாங்க?"

பொதுமக்கள் தரப்பில் அடுத்துப் பேச வேண்டியவள் பெர்லிட்டா. பூட்ஸைக்கூடக் கழற்றாமல், எண்ணெய் வாசத்தோடு மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஸ்டோல்ட் தம்பி, கேக்குதா? நம்ம மாநிலத்துல எத்தனையோ கிராமத்துக்கு ரோடு கிடையாது. புள்ளைக்கு ஜுரம்னாலும் பனி விலகற வரைக்கும் காத்துக் கிடக்கணும். நீ இன்னிக்கு ஒரு நாள் காத்திருக்க. அதுக்கே தலைநகரத்தைத் தூக்கிட்டுப் போகணும்ங்கிற. அவங்க எதைத் தூக்கிட்டுப் போவாங்க? இங்கயே வா. வந்து மாட்டிக்க. அப்பத்தான் அவங்க ஞாபகம் உனக்கு இருக்கும்."

ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் முதல் ஆளாக எதிர்த்து வாக்களித்தார். மசோதா குழுவிலேயே விழுந்தது.

மறுநாள் பனி விலகி ஸ்டோல்ட் வந்து சேர்ந்தான். குடை சிட்காக் காற்றோடு போய்விட்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கடைக்குள் நுழைந்தான்.

"அடுத்த வருஷமும் மசோதா கொண்டுவருவேன்க்கா."

பெர்லிட்டா சூடாக ஒரு தட்டு லும்பியாவை அவன் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"தாராளமாக் கொண்டு வா. ஆனா அதுக்கும் நீ இங்கதான் வரணும். சாப்பிடு, ஆறிடப்போகுது."