கண் தெரியாத நாயோடு இரண்டு மழைக்காலம்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் என் கணவர் மேஸ்திரியாக இருந்தார். கல்யாணமாகி நான் மலைக்குப் போனபோது எங்கள் வீட்டு வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. பத்து வருஷம் காட்டுப்பன்றியை விரட்டிய நாய். இப்போது இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. வைத்த சோற்றை மோந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடும்.

ஒரு நாள் அடுப்படிக்குள் தடுமாறி வந்து தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டது. அவர் கோபப்படவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்:

“கண்ணும் போச்சு, பல்லும் போச்சு. இது படுற பாட்டப் பாக்க முடியல. மொதலாளிகிட்டத் துப்பாக்கி வாங்கிட்டு வர்றேன். வெரசா முடிஞ்சிரும்.”

“இன்னும் ஆள் சத்தம் கேட்டா வாலாட்டுதுல்ல? சாகணும்னு அதுக்குத் தோணல. நான் பாத்துக்கிறேன், விடுங்க” என்றேன்.

அவர் பேச்சை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் பயமில்லை. பிறந்த ஊரான பொட்டிபுரத்தில் பல் விழுந்த உழவு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக் கொடுத்துப் பல வருஷம் வைத்திருந்தவள் நான்.

நாய்க்குப் பசி இருந்தது, மெல்லத்தான் முடியவில்லை. கேழ்வரகுக் கூழில் ஆட்டெலும்பு வேகவைத்த தண்ணீரை விட்டுக் கரைத்து, இளஞ்சூட்டில் வைத்தேன். ஒரே மூச்சில் நக்கித் தீர்த்தது. குடமும் உரலும் இடம் மாறாமல் பார்த்துக்கொண்டேன். நாலே நாளில் வீடு அதற்கு மனப்பாடமாகிவிட்டது. குளிரில் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரின் வெளிச்சுவர் ஓரம் சாக்கு விரித்தேன். உள்ளே எரியும் நெருப்பில் அந்தச் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். மழை நாளில் அதன் கால் விரலிடுக்கில் ஏறும் அட்டைகளைத் தினமும் உப்புத் துணியால் எடுத்தேன்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் மூடுபனி இறங்கியது. நாயைக் காணவில்லை. கீழே ஓடைப் பள்ளம். அவரும் வேலையாட்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று கூப்பிட்டார்கள். அதில் நாய் குழம்பிப்போகும் என்று எனக்குப் பட்டது. எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று கூழ்த் தட்டைக் கரண்டியால் ஒரே சீராகத் தட்டினேன். அரை மணி நேரம் தட்டியிருப்பேன். ஓடைப் பக்கமிருந்து மூக்கைத் தரையில் வைத்தபடி ஏறி வந்தது. அன்றைக்கு அதைத் துடைத்துவிட்டவர் அவர்தான். துப்பாக்கிப் பேச்சு அதோடு நின்றது.

இரண்டு மழைக்காலம் எங்களோடு இருந்தது. ஒரு தை மாத வெயிலில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. அவரே குழி வெட்டினார். நான் அழுதேன். ஆனால் அதற்குக் குறை வைத்துவிட்டோம் என்று அழவில்லை.

அடுத்த வாரம், காய் பறிக்கும் அக்கா ஒருத்தி முந்தானையில் ஒரு கிழட்டுப் பூனையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். “மூணு நாளாப் பாலத் தொடல ஆத்தா. நீ பாத்தாத் தேறிரும்னு எல்லாரும் சொல்றாக” என்றாள்.

வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு வீங்கி, ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. தலையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு விரலால் பல்லைப் பிடுங்கினேன். பூனை என் கையைக் கீறிவிட்டு ஓடியது. சாயங்காலம் பால் குடித்தது.