வலிக்காத கால்

தெருவில் அவர் பெயர் ‘பாதம்’. தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில், உள்ளங்காலை அழுத்தி உடம்பின் நோயைத் தீர்க்கும் தொழில். சுவரில் இரண்டு உள்ளங்கால்களின் பெரிய படம்: கட்டைவிரலில் மூளை, நடுவில் வயிறு, கணையம், குதிகால் பக்கம் குடல். வந்தவர்களின் கண்ணைக் குணப்படுத்தும் புள்ளியை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் தேடுவார். ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பார்.

மனைவிக்குச் சர்க்கரை. தினமும் கணையப் புள்ளியை அழுத்தினார். வலித்தால் உறுப்பில் கோளாறு, வலி போனால் கோளாறும் போச்சு. தொழிலுக்கு அந்த ஒரு விதிதான். ஆரம்பத்தில் காலை உதறியவள் போகப்போகச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“வலிக்குதா?”

“இல்லீங்க.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சா வலிக்குமா? யாரோட காலையோ அமுக்குற மாதிரி இருக்கு.”

“அதுக்குப் பேர்தான் குணம்.”

அவள் சாப்பிட்டு வந்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். மைத்துனன் கேட்டுப் பார்த்தான்.

“அத்தான், ஒரு தடவை ரத்தம் மட்டும் பாத்துடலாமே.”

“நோய் கால்லயே இல்ல மாப்ள, ரத்தத்துல எங்கேருந்து வரும்?”

ஒரு நாள் அவளுடைய இடது குதிகாலை அழுத்தியபோது அவருடைய கட்டைவிரலில்தான் ஏதோ குத்தியது. உடைந்த தையல் ஊசி, உள்ளே புதைந்திருந்தது. சுற்றிலும் தோல் கறுத்துச் சீழ் கட்டியிருந்தது. அதன்மேல்தான் அவள் சமைத்தாள், துவைத்தாள், மாடி ஏறி இறங்கினாள். அவர் விரலில் ரத்தத்தைப் பார்த்து, “ஐயோ, என்னங்க ஆச்சு?” என்று பதறியதும் அவள்தான்.

“நரம்பு செத்துப் போச்சுங்க. இந்த நோய்ல கால் வலிக்கலைன்னாதான் பயப்படணும்,” என்றார் டாக்டர். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். படத்தின்படி இதயம் இடது பாதத்தில். பாதம் போன பிறகும் இதயம் துடித்துக்கொண்டிருந்ததை, கட்டிலருகே இருந்த மானிட்டரில் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் விழித்த மனைவி முகத்தைச் சுளித்தாள்.

“இடது பாதம் வலிக்குதுங்க.”

அவர் கை தன்பாட்டில் நீண்டது. போர்வை அங்கே தட்டையாகக் கிடந்தது.

“ரொம்பவா?”

“உயிர் போகுது. கொஞ்சம் அமுக்கி விடுங்களேன்.”

அவர் எழுந்து போய் நர்ஸிடம் மாத்திரை கேட்டார்.

“தரேன் சார். ஆனா எடுத்த கால்ல வர்ற இந்த வலிக்கு மாத்திரை அவ்வளவா கேக்காது.”

“பரவாயில்ல, குடுங்க,” என்று கையை நீட்டிக்கொண்டே நின்றார்.