கெங்கவல்லி வரை போய்ப் பார்த்திருந்தால்

1. பாதியில் திரும்பிய விமானம்

புரட்டாசி மூன்றாம் சனிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை என்று நினைவு. சேலத்தை ஒட்டிய ஒரு சிறு பறக்கும் பயிற்சிப் பள்ளியில் நான் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தேன். காலையில் கிளம்பிப் போன இரண்டு சீட் விமானம், போகவேண்டிய ஊருக்குப் போகாமலே திரும்பி வந்து இறங்கியது. ஓட்டி வந்தவள் பிருந்தா, பள்ளிபாளையத்துத் தறிக்காரர் ஒருவரின் மகள். தனியாக ஒரு நெடுந்தூரப் பறத்தலை முடித்துவிட்டால் அவளுக்கு லைசென்ஸ் கிடைத்துவிடும். அது ஒன்றுதான் பாக்கி. மூன்று முறை கிளம்பி, மூன்று முறையும் பாதியில் திரும்பியிருந்தாள்.

சீஃப் இன்ஸ்ட்ரக்டர் வெயிலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"இன்னைக்கு என்னம்மா?"

"மறுபடியும் ரஃப்பா ஓடுதுங்க சார். மொதல் அரைமணி நேரம் நல்லாத்தான் ஓடுச்சுங்க. கெங்கவல்லி கிட்டப் போகவும் உதற ஆரம்பிச்சிருச்சு. ஆர்பிஎம் எறங்குதுங்க. பவரைக் கொறச்சா அடங்கிக்குது."

"எறங்கும்போது?"

"அப்ப நல்லா இருந்துச்சுங்க."

"இருக்கும். தரை கண்ணுக்குத் தெரிஞ்சா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். எம்மா, இது உங்க ஊட்டுத் தறி இல்ல, நூலு அறுந்தா நிறுத்தி முடி போடறதுக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் பாருங்க சார்" என்றாள்.

பார்த்தேன். ஒழுங்காகவே பார்த்தேன். எங்கள் வழக்கப்படி, விமானம் வந்து நின்றதும் பெட்ரோல் போடுகிறவர் இறக்கை மேல் ஏறி, டேங்க் மூடிகளைத் திறந்து, குச்சி விட்டு அளந்து, நிரப்பிவிட்டு இறங்குவார். அது முடிந்த பிறகுதான் இன்ஜினை மூடியிருக்கும் தகட்டை, கவ்லிங்கை, கழற்றுவோம். பிளக்குகளைக் கழுவி, முனை இடைவெளியைச் சரிசெய்தேன். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் டைமிங் சரி. கார்புரேட்டரில் அழுக்கில்லை, ஃபில்டரில் தண்ணீரில்லை. தரையில் நிறுத்தியே ஓட்டிப் பார்த்தால் ஆர்பிஎம் ஊசி அசையாமல் நிற்கிறது. சீஃப் ஒரு சர்க்யூட் அடித்துவிட்டு வந்தார். ஏறி, ஓடுபாதையைச் சுற்றி, இறங்குவது. சில நிமிட வேலை.

"வெண்ணெயாட்டம் ஓடுதுய்யா. கோளாறு இன்ஜின்ல இல்ல" என்றார்.

மற்ற மாணவர்கள் எல்லாரும் அப்போது அந்த விமானத்தில் சர்க்யூட்தான் பழகிக்கொண்டிருந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. 'குறை காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யல்ல, எனக்குக் காணப்படவில்லை.

பிருந்தாவுக்குத் தனியாகப் போகும் தைரியம் வரவில்லை, மறுபடி ஆரம்பத்திலிருந்து இன்ஸ்ட்ரக்டரோடு பறக்கட்டும் என்று முடிவானது. சில நாள் வந்தாள். பிறகு அவள் அப்பா வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு போனார். "புள்ளைக்குப் பயம்னு சொன்னாங்க. பயத்தோட மேல அனுப்ப எனக்கும் மனசு வல்லீங்க" என்றார். நான் சரிங்க என்று சொன்னேன்.

2. டேங்க் மூடி

கார்த்திகையில் அதே விமானத்தை வேறோர் ஊர்ப் பட்டறைக்குப் பெரிய இன்ஸ்பெக்‌ஷனுக்காகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சீஃபே ஓட்டிப் போனார். நாமக்கல் தாண்டி வெகுதூரம் போனதும் இன்ஜின் உதறி, ஆர்பிஎம் இறங்கத் தொடங்கியிருக்கிறது. பவரைக் குறைத்துத் தள்ளாடித் தள்ளாடித் திரும்பி வந்தார். இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்ஜினைப் பிரிச்சுடு. நிக்கப் பாத்துச்சு" என்றார்.

பெட்ரோல் போடுகிறவர் அன்று லீவு. அதனால் நானே ஏணி போட்டு ஏறி மூடியைத் திருகினேன். லேசில் வரவில்லை. இழுத்ததும் உஸ்ஸென்று நீளமாகக் காற்று டேங்குக்குள்ளே போயிற்று. ஏணியிலேயே நின்றுவிட்டேன்.

இந்த வகை விமானத்தில் டேங்க் இறக்கையில் இருக்கிறது. பெட்ரோல் தன் எடையில் தானாக இறங்கி இன்ஜினுக்கு வரும். இறங்கிய பெட்ரோலின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். அதற்காக இறக்கைக்கு அடியில் ஒரு சிறு குழாய் உண்டு, வென்ட் என்போம். அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும், பெட்ரோல் இறங்கத் திணறும். சர்க்யூட் அடிக்கிற நேரத்தில் இது தெரியாது. அரைமணி நேரமாவது பறக்கவேண்டும். பவரைக் குறைத்தால் பெட்ரோல் தேவையும் குறைவதால் உதறல் அடங்கும். பிருந்தா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இதுதான். ஒவ்வொரு முறை அவள் இறங்கியதும் மூடியைத் திறந்து, கோளாற்றை எங்கள் கையாலேயே போக்கிவிட்டு, பிறகு இன்ஜினுக்குள் தேடியிருக்கிறோம்.

வென்ட்டில் கம்பி விட்டுக் குடைந்தேன். காய்ந்த மண் உதிர்ந்தது, கூடவே சுருண்ட பச்சைப் புழுக்கள். குளவிக் கூடு. வென்ட் அடைத்தால் கைகொடுக்க மூடியில் இருந்த சிறு காற்று வால்வும் ஒட்டிப்போயிருந்தது.

பிருந்தாவின் பறத்தல்களுக்கு முந்தைய மழை நாட்களில் விமானம் பறக்காமல் ஹேங்கர் கொட்டகையில் நின்றிருந்தது. சுவரெல்லாம் குளவிக் கூடுகள். துடைப்பத்தை எடுத்தவர்களை ஃபிட்டர் செல்வராஜ் தடுத்தார். அவர் மகள் வெகுநாள் கழித்து உண்டாகியிருந்தாள். "தட்டாதீங்க சாமி. ஊட்ல புள்ள உண்டாயிருக்கறப்ப குளவிக் கூட்டைக் கலைக்கலாமுங்களா?" என்றார். சீஃப்கூட, "விடுய்யா, பேரன் பொறக்கட்டும்" என்று சிரித்தார். எனக்கும் கலைக்க மனம் வரவில்லை. வென்ட்டின் வாயைத் தினமும் டார்ச் அடித்துப் பார்த்தோம். கூடு குழாயின் வளைவுக்கு அப்பால், டார்ச் வெளிச்சம் எட்டாத இடத்தில் இருந்திருக்கிறது.

பேத்தி பிறந்து செல்வராஜ் ஹேங்கரில் லட்டு கொடுத்த அதே வாரத்தில்தான் பிருந்தா போனாள். உதிர்ந்த மண்ணைக் கையில் வாங்கிப் பார்த்த செல்வராஜ், "அந்தப் புள்ளகிட்டப் போய்ச் சொல்லோணுங்க" என்றார்.

3. பள்ளிபாளையம்

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். ஒரு நூல் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தறிச் சத்தத்தில் பேச முடியாமல் தெருமுனைக்கு வந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் பயந்துக்கலைங்களா சார்?"

"இல்லம்மா. நீ திரும்பினதாலதான் அது நிக்காம வந்து சேர்ந்துச்சு."

"சீஃப் சாரும் பாதியில திரும்பினாரில்லைங்களா? அவரை யாராச்சும் பயமான்னு கேட்டாங்களா?"

"இல்லம்மா. இன்ஜினைப் பிரின்னாரு. நான் வேலைய ஆரம்பிச்சுட்டேன்."

அவள் தலையாட்டினாள். திரும்பி வா, சீஃபிடம் நான் பேசுகிறேன் என்றேன்.

"ரெண்டு மாசமா நான் பயந்தாங்கொள்ளின்னே நெனச்சுட்டு இருந்துட்டேனுங்க. அப்ப எனக்குப் பயமே இல்லைங்க சார். இப்பத்தான் இருக்குது."

இளைய இன்ஜினியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. ரஃப் என்று ஒருவர் வந்து நின்றால் மூடியையும் தொடாதீர்கள், கவ்லிங்கையும் தொடாதீர்கள். எவ்வளவு நேரம் பறந்தபின், என்ன பவரில் என்று கேளுங்கள். பிறகு அவர் போன தூரம் நீங்களும் போய்ப் பாருங்கள். ஓட்டியவருக்கு அதற்குமுன் பெயர் வைக்காதீர்கள்.

அடுத்த வாரமே அந்த விமானம் கெங்கவல்லி தாண்டிப் போய் வந்தது. ஓட்டியவன் வேறொரு மாணவன்.