தாக்கோவுக்கு மரியாதை கிடைச்ச வருஷம்

எங்க ஊர்ல எல்லாரும் தாக்கோ சங்காரேகிட்ட மரியாதையாப் பேச ஆரம்பிச்சப்பவே ஏதோ கெட்டது வரப்போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

கேக்குறவங்களுக்கு வேடிக்கையா இருக்கலாம். நாங்க உழுது பிழைக்கிற போபோ ஜனம், அவ மாடு மேய்க்கிற ஃபுலானி ஜனம். ரெண்டு ஜனத்துக்கும் நடுவுல பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து கேலி உறவு. பார்த்த இடத்துல திட்டிக்கணும். எங்களுக்கு அவங்க அடிமை, அவங்களுக்கு நாங்க அடிமை. என்ன சொன்னாலும் கோவிச்சுக்கக் கூடாது, கை ஓங்கவே கூடாது. ஒரு வீட்ல சாவு விழுந்தா மத்த ஜனம் வந்து கூத்தடிச்சு, குழியில இறங்கிப் படுத்துக்கிட்டு, வழி விடமாட்டேன்னு அடம் பிடிக்கணும். அவங்களைத் திட்டிக் கிளப்பிட்டுத்தான் புதைப்பாங்க.

தாக்கோ கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எங்க தெருவுல புளிச்ச பாலும் கம்பு உருண்டையும் வித்தவ. தலையில சுரைக்குடுக்கை, காதுல பெரிய வளையம், வாயில நெருப்பு. புருஷன் பாம்பு கடிச்சுப் போயிட்டான். மகளைத் தெற்கே கட்டிக்கொடுத்துட்டா. நாலு மாட்டை வச்சுக்கிட்டுத் தனியாவே காலம் தள்ளினா. நான் சோள பீர் காய்ச்சுறவ. என் வாசல்ல நின்னு, "அடியே பிலோமேன், உன் பானையில என் மாட்டைக் குளிப்பாட்டட்டுமா? அதுக்காவது அது உதவும்"னு கேப்பா. "உன் மாடு குளிச்சா பானையைத்தான் கழுவணும்"னு நான் சொல்லுவேன். இப்படியே பொழுது விடியும்.

அவளுக்குச் சரியான ஜோடி மாவு மில் தோஃபினி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். தலைமுதல் கால்வரை மாவு. சாயங்காலமானா என் பானைதான் அவனுக்குக் கோவில்.

"ஏய் மாட்டுக்காரி! பால்ல தண்ணி ஊத்தினியா, தண்ணியில பால் ஊத்தினியா?"

"மிடாக்குடியா, உன் நாக்குக்கு ரெண்டும் ஒண்ணுதானடா! மாவு பூசிக்கிட்டா வெள்ளைக்காரன் ஆயிடுவியா? வந்து என் தொழுவத்தைக் கூட்டு, அடிமை!"

அவன் சிரிச்சுக்கிட்டே ரெண்டு குடுக்கை பால் வாங்குவான்.

போன அறுவடைக்கப்புறம் மோட்டார்சைக்கிள்ல வந்த துப்பாக்கிக்காரனுங்க பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தி, வாத்தியாரைச் சுட்டானுங்க. அதுல ரெண்டு பேரு ஃபுலானி பாஷை பேசினானுங்களாம். யாரு காதுல கேட்டாங்க, தெரியாது. ஆனா அது போதுமா இருந்துச்சு. மறுவாரத்துலேருந்து தெருவுல புதுச் சத்தம். "வாங்க தாக்கோ. சௌக்கியமா? மாடெல்லாம் சௌக்கியமா?" அவ்வளவுதான். பாலும் வாங்கமாட்டாங்க.

எனக்கு இந்த மாதிரி விஷயம்னா குடைஞ்சு பார்க்காம இருக்க முடியாது. கிணத்தடித் தெருவுல இருக்கிற கொரோதிமிகிட்ட நேராவே கேட்டேன்: "ஏண்டி, திடீர்னு அவகிட்ட இவ்வளவு பணிவு?"

அவ குரலைத் தாழ்த்திக்கிட்டா. "எதுக்குக்கா வம்பு? நாம விளையாட்டா ஒண்ணு சொல்லி, அவ அதை யாருகிட்டயாவது சொல்லிட்டா?"

"யாருகிட்ட?"

"அதான் தெரியலையே!"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. முப்பது வருஷமா தாக்கோ பாலைக் குடிச்சு வளர்ந்த வீடு கொரோதிமியோடது. ஆனா ஒண்ணு கவனிச்சேன். எவனும் அவளை அடிக்கல, துரத்தல. மரியாதை கொடுத்தே கொஞ்சம் கொஞ்சமா ஊருக்கு வெளியே தள்ளிக்கிட்டிருந்தாங்க. இப்படியும் ஒரு வழி இருக்குன்னு நான் அதுவரைக்கும் நினைச்சதே இல்ல. அக்கம்பக்கத்து ஃபுலானி குடும்பங்க ஒண்ணொண்ணா மூட்டை கட்டிப் போயிடுச்சு. என்னைத் தவிர தோஃபினி ஒருத்தன்தான் பழையபடி அவளை மாட்டுக்காரின்னு கூப்பிட்டான். தாக்கோவும் தினம் அதைக் கேக்குறதுக்குன்னே மில் பக்கம் சுத்திட்டுப் போவா.

அந்தத் தோஃபினியைத்தான் துப்பாக்கிக்காரனுங்க சுட்டுட்டானுங்க.

மில்லுக்கு பெல்ட் வாங்க டவுனுக்குப் போனவன் திரும்பி வந்த வேன் மேல பாலத்துக்கிட்ட வச்சுச் சுட்டானுங்க. மத்தவங்க காயத்தோட தப்பிச்சாங்க. அவனைப் பொணமாத்தான் மூணு சக்கர வண்டியில போட்டுக் கொண்டுவந்தாங்க. புது பெல்ட் அவன் தோள்லயே கிடந்துச்சு. நான் வாய்விட்டு அழுதேன். வெக்கம் என்ன இருக்கு, அப்படி ஒரு மனுஷன்.

அவன் மகன் ஸிபிரி அழல. மில் வாசல்ல உக்காந்து மண்ணையே பார்த்துக்கிட்டிருந்தான். சுத்தி நின்ன பயலுங்க எனக்குக் கேக்குற மாதிரியே பேசினானுங்க: "நாளைக்கு எந்த ஃபுலானியாவது கூத்தடிக்க வரட்டும். அதே குழியில போட்டு மூடிடலாம்."

அன்னிக்குச் சாயங்காலமே தாக்கோ வீட்டுக்கு ஓடினேன். அவ பால் கடைஞ்சுக்கிட்டிருந்தா.

"நாளைக்கு அடக்கத்துக்கு வராதே. தலைவலின்னு நான் சொல்லிக்கிறேன்."

"வரலைன்னா என்ன சொல்லுவாங்க?"

நான் யாராவது கேக்குறாங்களான்னு வாசப்பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"நானே சொல்றேன். அவளுக்கு முன்னாடியே தெரியும், அதான் மூஞ்சியைக் காட்டலைன்னு சொல்லுவாங்க. அப்புறம் நான் இந்த ஊர்ல ஒரு நாள் இருக்க முடியுமா? என் புருஷனும் இந்த மண்ணுலதானடி கிடக்கான்."

"வந்தா அடிச்சுக் கொன்னுடுவானுங்கடி!"

"அந்தக் குடிகாரன் மட்டும் சும்மா விடுவானா? கூத்தடிக்கக்கூட வரலையேன்னு மேலேருந்து என் மானத்தை வாங்கிடுவான்." சிரிக்கப் பார்த்தா. மோர் அவ மடியெல்லாம் சிந்திக் கிடந்துச்சு.

காலையில குழி வெட்டி முடிச்சு, பாடையைப் பக்கத்துல இறக்கினாங்க. எல்லார் கண்ணும் பாதை மேலதான். வருவாளா மாட்டாளான்னு ஊரே பார்த்துக்கிட்டிருந்துச்சு. யாரும் வாயால கேக்கல, அவ்வளவுதான்.

வந்தா. முகம், கை, முடியெல்லாம் கம்பு மாவு பூசிக்கிட்டு, இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தா. அவன் நடையேதான். அவன் தொண்டையிலேயே கத்தினா:

"ஏய் மாட்டுக்காரி! எங்கடி போயிட்டே? பால்ல தண்ணி ஊத்தினியா, தண்ணியில பால் ஊத்தினியா?"

எங்கேயோ ஒரு பொம்பளை விசும்பினா. தாக்கோ விறுவிறுன்னு குழியில இறங்கி நீட்டிப் படுத்துட்டா.

"எவன்டா செத்தான்னு சொன்னது? இவன் பிலோமேன் பானையைக் காலி பண்ணிட்டுத் தூங்குறான். குடிச்சுட்டுத் தூங்குறவனைப் புதைக்கிற ஊரு இது ஒண்ணுதான். எடுத்துட்டுப் போங்கடா! என் அடிமையை என்னைக் கேக்காம புதைக்க நீங்க யாரு?"

ஒருத்தரும் சிரிக்கல. ஸிபிரி மம்பட்டியோட குழி ஓரத்துல வந்து நின்னான்.

"எழுந்திருங்கம்மா," அவன் மெதுவாச் சொன்னான். "தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க."

தாக்கோ முகத்துல இருந்த மாவுல கண்ணீர் கோடு போட்டுச்சு. அவ எழுந்திரிக்கல.

"யாருடா அம்மா? உன் அப்பன் என்னை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்கானா? அவனுக்குப் பொறந்தவனா இருந்தா அவன் மாதிரி கிளப்புடா. இல்லையா, மண்ணைத் தள்ளு. நான் இங்கேயே கிடக்குறேன்."

அவன் மம்பட்டியை ஓங்கினான். பக்கத்துல நின்ன பயலுங்க ஒரு அடி முன்னாடி வந்தானுங்க. அடுத்த நிமிஷம் என்ன ஆகும்னு அங்கே ஒருத்தருக்கும் தெரியல. அவனுக்கே தெரியலைன்னுதான் நினைக்கிறேன். மம்பட்டி மண்ணுல போய் விழுந்துச்சு. அவன் குழி ஓரத்துல உக்காந்து, வெறி பிடிச்ச மாதிரி கத்தினான்:

"எழுந்திருடி, தண்ணிப் பால்காரி! நாத்தம் பிடிச்ச மாட்டுக்காரி! அது எங்கப்பன் படுக்கிற இடம்டி! எழுந்திரு, எழுந்திரு..." அப்பன் செத்ததுலேருந்து அப்பத்தான் அவன் முதல் முதலா அழுதான்.

தாக்கோ கையை நீட்டினா. அவன் பிடிச்சுத் தூக்கி விட்டான். அவன் சட்டையெல்லாம் மாவு.

"இப்பப் புதைச்சுக்கோ, அடிமைப் பயலே," அவ சொன்னா.

இப்ப ஸிபிரிதான் மில்லை ஓட்டுறான். காலையில அவ வந்தா, அப்பனைவிட மோசமாத் திட்டுறான், ரெண்டு குடுக்கை பாலும் வாங்குறான். எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் பொய் சொல்லமாட்டேன். கிணத்தடித் தெருவுல நாலஞ்சு வீடு இருக்கு. அவங்க இன்னும், "வாங்க தாக்கோ, சௌக்கியமா?"ன்னுதான் கேக்குறாங்க. அந்தத் தெரு வந்தா மட்டும் தாக்கோ நடையை எட்டிப் போடுறா.