காசிண்ணா ஏணி ஏறுறதுக்கு முன்னாடி

காசிண்ணாவுக்கு அம்பத்தெட்டு வயசு. செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்துல வீடு. ஊருக்கு டிவி வந்ததுலருந்து ஆன்டெனா கட்டறதுதான் பொழப்பு. போன மாசம் கீழ்பென்னாத்தூர்ல ஏணி வழுக்கி முட்டி வீங்கிடுச்சு. "ஒரு வீட்டுல ஒரு தடவதான் ஏறணும், ரெண்டாவது தடவ ஏறினா அங்கயே இருந்துக்கோ"ன்னு அவர் சம்சாரம் கன்னியம்மா சொல்லி அனுப்பியிருக்கு. வெவரமான பொம்பள.

எங்க வேங்கிக்கால் தெருவுக்கு இன்னும் கேபிள் வரல. மெட்ராஸ் படத்துக்கு ஒரு பக்கம், பாண்டிச்சேரி படத்துக்கு இன்னொரு பக்கம் ஆன்டெனாவத் திருப்பணும். என் கொழுந்தன் துபாய்லருந்து ஒரு மோட்டார் அனுப்பினான். கீழ உக்காந்து குமிழத் திருப்பினா மேல ஆன்டெனா தானா திரும்புமாம். சோம்பேறிங்களுக்குன்னே செஞ்சிருக்கான்.

"மேல மாட்டினப்புறம் தப்புன்னா மறுபடி ஏறணும் சார். கீழயே பாத்துடலாம்"னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னாரு காசிண்ணா. மொட்டமாடியில ஸ்டூல் மேல மோட்டார வச்சு, ஆன்டெனாவுக்குப் பதிலா என் ஒட்டடக் கம்பக் குறுக்கால சொருகினாரு. ஒரு வார்த்த கேக்கல.

குமிழ் இருந்த பெட்டியில நாலு திசையும் போட்டிருந்துச்சு. முள்ள வடக்குல வச்சு, கம்பு எங்க ஊரு மலையப் பாக்கற மாதிரி ஸ்டூலத் திருப்பினாரு. மோட்டார்ல அந்தப் பக்கமா சாக்பீஸால ஒரு கோடு போட்டாரு.

"இந்தக் கோடு மலையப் பாத்து இருக்கணும் சார். மேலயும் அப்படியே மாட்டிடறேன்."

எங்க வீட்டுக்காரரு குமிழ ஒரு முழு சுத்து சுத்தினாரு. முள்ளு கூடவே கம்பும் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பூரிப்பு. காசிண்ணா ஏணியில கால வச்சுட்டாரு.

நான் வடகம் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தேன். "நில்லுங்கண்ணா. மலை எந்தப் பக்கம்?"

"வடக்கும்மா."

"பன்னெண்டு வருசமா மலைப் பக்கம்தான் தல வச்சுப் படுக்கறேன். அப்போ வடக்கயா தல வச்சிருக்கேன்? எங்க மாமியா உட்ருக்குமா?"

"எங்க வீட்டு வாசல்ல நின்னா மலைதாம்மா வடக்கு..."

"அது உங்க வீட்டுல. நீங்க மலைக்கு அந்தாண்ட, நாங்க இந்தாண்ட. இங்க அது தெக்கு!"

காசிண்ணா மலையப் பாத்தாரு, கோட்டப் பாத்தாரு, அப்படியே தரையில உக்காந்து சிரிச்சாரு. "கையால திருப்பறப்ப திசை யாரு பாத்தா? படம் தெரிஞ்சா உட்ருவேன். இந்நேரம் ஏறியிருந்தா முட்டி போயிருக்கும்மா."

"இத்தினி வருசம் கலெக்டர் ஆபீஸ்ல வேல பாக்கறீங்க, உங்களுக்கும் தெரியலயா?"ன்னேன் வீட்டுக்காரர. மனுசன் பெட்டியத் தொடச்சிக்கிட்டு இருந்தாரு.

கோட்ட அழிச்சிட்டு எதிர்ப்பக்கம் போட்டாங்க. மறுபடி சுத்திப் பாத்தாங்க. அப்புறம்தான் ஏற உட்டேன். மாட்டிட்டு, ஒவ்வொரு படியா, கால மாத்தி மாத்தி எறங்கினாரு. கீழ குமிழத் திருப்பினோம். மெட்ராஸ் பளிச்சுனு வந்துச்சு.

ஏணிய எடுக்க மறுபடி மாடிக்குப் போனோம். வீட்டுக்காரரு அண்ணாந்து பாத்துட்டு, "ஆன்டெனா பைப்பு லேசா சாஞ்சிருக்கு காசி. இன்னொரு தடவ ஏறி..."ன்னாரு.

காசிண்ணா முட்டியத் தடவினாரு. நான் ஏணிய எடுத்துத் தரையில படுக்க வச்சேன்.

"சாஞ்சே இருக்கட்டும். நீங்க படுத்துக்கிட்டுதான பாக்கறீங்க."